ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் இல்லாமல் இருக்க ஒரு திட்டம்

இருபத்தெட்டு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாள்கூட விட்டதில்லை. காலை ஆறரைக்கு மொட்டை மாடிக்குப் போய், அங்கே வைத்திருக்கும் மழைமானியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டுத்தான் காபி. அலுவலகத்திலும் எனக்குப் பதிவறையில்தான் வேலை. ஒரு தாள் தன் இடத்தில் இல்லை என்றால் அன்று முழுக்க எனக்கு நிலைகொள்ளாது. இதையெல்லாம் முன்பு பெருமையாகச் சொல்லிக்கொண்டவன்தான். இப்போது சொல்வதற்குக் காரணம் வேறு. நான் செய்த காரியம் வாய்தவறியோ அவசரத்திலோ நடந்ததல்ல, மற்ற எல்லாவற்றையும் போலவே அதையும் ஒழுங்காகத்தான் செய்தேன் என்பது தெரியவேண்டும்.

எங்கள் வீடு திருத்தணி மலையடியில், குளத்துக்குப் போகும் தெருவில் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு அந்தத் தெருவில் நடக்க முடியாது, நகரத்தான் முடியும். காவடி, பம்பை, அரோகரா, ஈரத் துணி, பூ வாசனை. மணவூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கும் என் அக்கா, தன் குடும்பத்தோடும் அக்கம்பக்கத்தாரோடும் காவடி எடுத்து வருவாள். முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் இறங்கி, தெப்பம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். தங்குகிறவர்கள் இருபது பேருக்குக் குறையாது. சாப்பிட மட்டும் வருகிறவர்கள் தனி. "திருத்தணியில நமக்கு ஒரு வீடு கீது" என்று அக்கா ஊரில் எல்லாரிடமும் சொல்வாள். அந்த வாக்கியம் என் காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்:

"இந்த வருசம் ஆடிக் கிருத்திகைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

"எங்க போற?"

"எங்கயாவது. நீங்களும் வர்றதுன்னா வாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மடித்த துணியை அடுக்கில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கல்யாணமாகி இருபத்தாறு ஆடிக் கிருத்திகை வந்துட்டுது. ஒரு தடவகூட நான் மலையேறி சாமி பாத்ததில்ல. எல்லாரும் அரோகரான்னு கத்தறது அடுப்படியில நின்னுகினு கேக்கறேன், அவ்ளோதான்."

எங்கே போகலாம் என்று கேட்டேன். தீவு என்றாள். எங்கள் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய தோழி அந்தமான் போய்வந்த படங்களைக் காட்டியிருக்கிறாள். அதில் ஒரு தாழ்வாரம், இரண்டு நாற்காலி, எதிரே தென்னை, அதற்கப்பால் கடல்.

"எதுக்குத் தீவு?"

"தீவுன்னா நாலு பக்கமும் தண்ணி. திடீர்னு யாரும் வந்து வாசல்ல நிக்க முடியாது."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றைய குறிப்பில் "அந்தமான், ஆடி. விசாரிக்க வேண்டும்" என்று எழுதினேன். எழுதிவிட்டால் அது எனக்கு வேலையாகிவிடும்.

புதிதாக ஒரு நோட்டு வாங்கி அட்டை போட்டேன். அந்தமானில் ஆடி மாதம் நல்ல மழைக்காலம். நம் ஊரில் ஆடியில் மழை என்றால் சாயங்காலம் இடித்து ஒரு பாட்டம் பெய்துவிட்டுப் போகும். நமக்கு மழைக்காலம் ஐப்பசியில்தான். அங்கே அப்படியில்லை, வைகாசியில் பிடித்தால் விடாது. பயணம் ஏற்பாடு செய்துதரும் ஆளிடம் போனில் கேட்டேன்.

"சார், ஆடியில அங்க சீசனே இல்ல. கடல் கொந்தளிப்பா இருக்கும். ஒரு தீவுலேர்ந்து இன்னொரு தீவுக்குப் போற கப்பல் நின்னாலும் நின்னுடும். தை மாசம் போங்களேன்."

தை என்றேன் மனைவியிடம். "தையில எதுக்கு? தையில என்ன ஆடிக் கிருத்திகையா வருது?" என்றாள்.

ஆகவே மழையை வைத்துக்கொண்டே திட்டம் போட்டேன். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று பத்தி: மழை இல்லாவிட்டால், தூறினால், கொட்டினால். கொட்டினால் பார்க்க, கூரையுள்ள இடங்களாகத் தேடி எழுதினேன். கப்பல் நின்றால் என்ன செய்வது என்பதற்குத் தனிப்பக்கம். சட்டைப் பைக்குள் வைக்க பிளாஸ்டிக் உறை, காலணி காய வைக்கப் பழைய செய்தித்தாள், இரண்டு மழைக்கோட்டு. அவளுக்கு மஞ்சள், எனக்கு நீலம். கூட்டத்தில் தொலைந்தால் தூரத்திலிருந்தே தெரியும் என்பதால் அவளுக்கு மஞ்சள்.

அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதுல ஒரு நாளாவது சும்மா உக்காந்துகினு இருக்கறதுன்னு போட்டிருக்குதா?"

"கொட்டினால்ங்கற பத்தியில சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓய்வு போட்டிருக்கேன்."

"மழை பேஞ்சா பேஞ்சிகினு போவுது. கொடியில துணி நனையுதேன்னு ஓடாம, ஒரு மழைய முழுசா பாக்கணும் எனக்கு. வேற யாராவது டீ கொண்டாந்து குடுக்கணும். அவ்ளோதான்."

அதற்கு எந்தப் பத்தியும் இல்லை.

டிக்கெட் போட்டாயிற்று, அறை சொல்லியாயிற்று. கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் விமானம். செய்யவேண்டிய ஒரே வேலைதான் பாக்கி: அக்காவிடம் சொல்வது. நான் சொல்கிறேன் என்று நானாகத்தான் ஏற்றுக்கொண்டேன். "அவளுக்கு அலுத்துப் போச்சு அக்கா, இந்த வருசம் நாங்க ஊர்ல இல்ல." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. என் நாட்குறிப்பில் சித்திரைக்கும் ஆனிக்கும் நடுவே "அக்காவிடம் சொல்ல வேண்டும்" என்று பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறேன். பதினொன்றின் கீழும் கோடு போட்டிருக்கிறேன்.

ஆனி கடைசியில் ஒரு மாலை அக்காவே போன் செய்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் என்னைச் செல்லமாகக் கூப்பிடுவது நைனா என்றுதான்.

"இன்னா நைனா, இந்த வருசம் இருபத்திரெண்டு பேரு. சம்பந்தி வீட்டுலேர்ந்தும் வர்றாங்க. திருத்தணியில எங்க வீடு கீது, கவலப்படாதீங்கன்னு சொல்லிட்டேன்."

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் சொல்லவேண்டியது உள்ளே போய்விட்டது. வேறொன்று வெளியே வந்தது.

"இல்லக்கா, இந்த வருசம் முடியாது போல. இவளுக்கு உடம்பு சரியில்ல."

"ஐயோ. இன்னா உடம்புக்கு?"

"கர்ப்பப்பையில கட்டி. ஆபரேஷன். மெட்ராஸ்ல, கிருத்திகை சமயத்துலதான் தேதி குடுத்திருக்காங்க."

அக்கா குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட குடு, நான் பேசறேன்" என்றாள்.

"வேணாங்க்கா. அவகிட்ட முழுசா சொல்லல. பயந்துடுவா. நீ இப்ப எதுவும் பேசாத."

என் மனைவி அப்போது பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் எனக்குக் கேட்டது.

அன்று நான் செய்ததை எழுதத்தான் வேண்டும். பயண நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, "சொன்னவை" என்று தலைப்பிட்டு, அக்காவிடம் என்னென்ன சொன்னேன் என்று வரிசையாக எழுதிவைத்தேன். கட்டி. கர்ப்பப்பை. சென்னை. பெரிய பயமில்லை என்று டாக்டர் சொன்னது. அவளுக்கு முழு விவரம் தெரியாது. பின்னால் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே. அக்கா மறுபடி மறுபடி போன் செய்து விசாரித்தாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம் ஒரு வரி வளர்ந்தது. ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை. கடைசியாக அவள் கேட்ட கேள்வி, "பொழச்சுக்குவாளாடா?" அதற்கு நான் சொன்ன பதில், "அவன் கையில இருக்குது அக்கா." அதையும் எழுதினேன்.

மனைவியிடம், அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சரின்னுட்டா."

அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து வெகு காலம். "அண்ணி தங்கம்ங்க. நாந்தான் இத்தன வருசம் பயந்துகினு இருந்தேன்" என்றாள். என் அக்காவை அவள் அண்ணி என்று கூப்பிடுவாள்.

விமானத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை. காலையில் மழைமானியில் நான்கு மில்லிமீட்டர். இன்னும் தூறிக்கொண்டிருந்தது. அலுவலகம் கிளம்ப சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் பெட்டி திறந்து கிடந்தது. என் மனைவி மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியையும் மாட்டி, பீரோக் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பள்ளிக்கூட வேன் மாதிரி இருக்கேன்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். அப்போது கதவு தட்டும் சத்தம். சிரித்த முகத்தோடு அவள்தான் போய்த் திறந்தாள்.

வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் புடவை, முழங்கால் வரை ஈரம். தலை மொட்டை. மொட்டையில் பூசிய சந்தனம் தூறலில் கரைந்து நெற்றியில் இறங்கியிருந்தது. கையில் இலையில் மடித்த விபூதி.

இடுப்புக்குக் கீழே தொங்கும் அவளுடைய முடி. ஐம்பத்தெட்டு வயதிலும் அதைக் கோடாலி முடிச்சுப் போட்டால் ஒரு கைக்குள் அடங்காது. முதல் வண்டியைப் பிடித்து வந்து, முட்டிவலிக் காலோடு முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, மலைமேல் முடி கொடுத்து, இறங்கி வந்திருக்கிறாள். எனக்கு அது ஒரு நொடியில் புரிந்தது. என் மனைவிக்குப் புரியவில்லை.

"அண்ணி! இன்னாது இது? யாருக்கு இன்னா ஆச்சு?"

அக்கா அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "நீ எதுக்கும்மா எழுந்து வந்து கதவத் தெறக்கற? போ, போய்ப் படு." பிறகு மழைக்கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். "இது இன்னா, ஆஸ்பத்திரியில குடுத்ததா?"

என் மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டேன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"பயப்படாத. அவன் எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டான். கட்டி தானே, எடுத்துட்டா சரியாப் போயிடும். உனக்காகத்தான் முடி குடுத்துட்டு வரேன். இந்தா, வயித்துல பூசிக்கோ."

விபூதியை நீட்டியபடியே நின்றாள். அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். என் மனைவி எனக்கு அதற்கு நேரம் கொடுத்தாள். என்னைப் பார்த்தபடியே அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. எதையும் நேரம் பார்த்துக் குறிக்கிறவன் அதைக் குறிக்கவில்லை.

பிறகு அவள் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. கட்டியும் இல்ல, ஆபரேஷனும் இல்ல. இந்தக் கிருத்திகைக்கு என்னால ஆக்கிப் போட முடியாது, எங்கயாவது போலாம்னு இவர்கிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரு."

அக்கா முதலில் கேட்டது இதுதான்: "அப்ப வயித்துல ஒண்ணும் இல்லியே? நிஜமா இல்லியே?"

"இல்ல அண்ணி."

"முருகா" என்று சொல்லி, அப்படியே பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "போவுது போ. மசுருதானே. மொளைக்கும்."

என் மனைவியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், மழைக்கோட்டோடு. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் தம்பி, அவளால முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இன்னா உன்ன அடிச்சிருப்பேனா? சாவிய வாங்கிகினு நாங்களே ஆக்கித் தின்னுருப்போமே. எங்க ஊட்டுல ஆம்பள பொம்பளன்னு இருபது கை இல்ல? நானும் ஒரு முண்டம், இத்தன வருசத்துல அவ மலையேறினாளான்னு ஒரு நாள் கேட்டிருப்பேனா?"

நைனா என்று சொல்லவில்லை. தம்பி என்றாள்.

என் மனைவி அவளுக்குத் தோசை வார்த்தாள். அக்கா வேண்டாம் என்று எழுந்துபோய்க் கரண்டியைப் பிடுங்க, இருவரும் அடுப்படியில் கொஞ்சம் இழுபறி. நான் அலுவலகத்துக்குப் போன் செய்து விடுப்புச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். உடல்நிலை என்றேன். சொன்ன பிறகுதான் அதுவும் ஒரு பொய் என்று உறைத்தது.

மத்தியானம் அக்காவை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பினேன். மனைவி கூடத்தில் பயண நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பக்கம் திறந்திருந்தது.

"நான் பொழைப்பனா மாட்டனான்னு உக்காந்து எழுதியிருக்கீங்க. கையெழுத்து எவ்ளோ அழகா கீது."

நோட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"அந்த டைரியெல்லாம் எடுத்துகினு வாங்க. ஒவ்வொரு ஆடிக் கிருத்திகையும் இன்னா எழுதியிருக்கீங்கன்னு படிங்க."

எடுத்துவந்தேன். தேடத் தேவையில்லை, எல்லாம் வருட வரிசையில்தான் இருந்தன. படித்தேன். மழை இல்லை. தங்கியவர்கள் பத்தொன்பது. இலை முப்பத்தாறு. அடுத்த வருடம், மழை ஏழு மில்லிமீட்டர், மாலை. தங்கியவர்கள் இருபத்துமூன்று. இலை நாற்பத்தொன்று. எந்தப் பேருந்து எங்கே நிறுத்தப்பட்டது, தெப்பம் எத்தனை மணிக்கு, எல்லாம் இருந்தது. அந்த இலைகளில் சோறு எப்படி வந்தது என்று எங்கும் இல்லை. ஒரே ஒரு வருடத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது. அதைப் படிக்காமல் தாண்டப் பார்த்தேன். அவள் என் குரல் தடுக்கியதைக் கவனித்துவிட்டாள்.

"படிங்க."

"சாம்பாரில் உப்பு சற்று அதிகம்."

அவள் சிரித்தாள். கோபத்தில் சிரிக்கும் சிரிப்பு இல்லை, உண்மையாகவே சிரித்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. அந்த வருடம் எங்கள் மகளுக்குப் பத்து மாதம், காய்ச்சலில் இருந்தது என்று அவள் சொன்னாள். அதுவும் என் குறிப்பில் இல்லை.

அன்று சாயங்காலமே அவள் முடிவு செய்துவிட்டாள். மகளிடம் அவளே பேசினாள். பிறகு என்னிடம் வந்து, "உங்க டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டு அவளுக்குப் போடுங்க. நீங்க இங்க இருங்க. அண்ணிய எல்லாரையும் கூட்டிகினு வரச் சொல்லிட்டேன், யாராவது கதவத் தெறக்கணும்ல" என்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நாளுக்கு மூன்று பத்தியும் தனிப்பக்கமுமாக நான் போட்ட நோட்டைப் பெட்டியின் மேல் வைத்தேன். அவர்கள் போன பிறகு பார்த்தால் அது மேசைமேல் இருந்தது. செய்தித்தாள் கட்டும் இருந்தது. மழைக்கோட்டை மட்டும் எடுத்துப் போயிருந்தாள்.

கிருத்திகைக்கு முந்தின நாள் இருபத்திரெண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அக்கா வீட்டுக்காரர், எனக்குப் பாவா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கட்டில் மூன்று கல் வைத்து அண்டா ஏற்றினார். என்னைப் பூசணிக்காய் நறுக்க உட்கார வைத்தார்.

"இன்னா மச்சான், அளந்து அளந்து நறுக்கிகினு கீற? சாம்பார்ல போடறதுக்குப்பா, ஆபீசுக்கு அனுப்பறதுக்கு இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். பாவாவுக்கு விஷயம் தெரியுமா என்று அவர் முகத்தில் தேடினேன். அவருக்குத் தெரியாது என்றுதான் பட்டது.

மறுநாள் மத்தியானம் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் அக்கா சோறு போட்டுக்கொண்டு போனாள், மொட்டைத் தலையில் ஒரு துண்டைப் போட்டபடி. சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி கேட்டாள்.

"இன்னாங்க இது, அவ்ளோ முடிய குடுத்துட்டீங்க? இன்னா வேண்டுதல்?"

வாளியைப் பிடித்திருந்த என் கை நின்றது.

"தம்பி வீட்டுக்கு ஒரு வேண்டுதல்" என்றாள் அக்கா.

"நெறவேறிச்சா?"

"ஆங், நெறவேறிச்சு. எம் மருமகளும் அவ அம்மாவும் நல்லபடியா ஊரு சுத்திகினு கீறாங்க பாரு." சோற்றை இலையில் தள்ளிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அங்கே நின்று, அது என்ன வேண்டுதல் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்ன ஒரு பொய்க்காக என் அக்கா அந்தப் படிகளை ஏறினாள் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டாவது முறையாகவும் எனக்கு நேரம் கொடுக்கப்பட்டது. "ரசம் போடுங்க" என்று யாரோ இலையைக் காட்டினார்கள். ஊற்றினேன்.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். பின்னால் பேரிரைச்சல்.

"மழைங்க. வந்ததுலேர்ந்து மழையேதான். கப்பலெல்லாம் நிறுத்திட்டாங்க. ரூம் வாசல்லயே உக்காந்துகினு கீறோம்."

"ஐயோ" என்றேன்.

"எதுக்கு ஐயோ? ரெண்டு டீ ஆச்சு." பிறகு, "அண்ணி சாப்ட்டாங்களா?" என்று கேட்டாள்.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எல்லாருக்கும் போட்டுவிட்டு அவள் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படிக்குப் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். துண்டு நழுவியிருந்தது. தலையில் மணல் தூவினாற்போல நரையும் கறுப்புமாக முளைவிடத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் ஓர் இலை, கழுவிக் கவிழ்த்தபடி, இன்னும் சோறு விழாமல் கிடந்தது.

அன்றைய நாட்குறிப்பில் மழை எத்தனை என்று எழுதவில்லை. இலை எத்தனை என்றும் எழுதவில்லை. "அக்கா நான்கு மணிக்கு மேல்தான் சாப்பிட்டாள். நான் போட்டேன்" என்று எழுதினேன். அந்த மத்தியானம் நான் சொல்லாமல் விட்டதை எழுதப் பேனா வரவில்லை. அதற்காகத்தான் இதை இப்போது தனியாக எழுதுகிறேன்.

அக்காவின் முடி இப்போது காதுவரை வந்துவிட்டது. போன் செய்தால் நன்றாகத்தான் பேசுகிறாள். தம்பி என்றுதான் கூப்பிடுகிறாள்.